சந்தையில் பெயர் எடுப்பது எப்படி?
மல்லாட்டை உழவர்களுக்குச் சில யோசனைகள்

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் மல்லாட்டை அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குச் சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். பக்கத்துப் பக்கத்துக் கொல்லைகளில் ஒரே இரகம் பயிரிட்ட இரண்டு உழவர்களின் குவியல்கள் அருகருகே கிடக்கும். வியாபாரி இரண்டிலும் ஒரு பிடி அள்ளுவார். காயைக் காதருகே வைத்துக் குலுக்குவார். நாலு காயை உடைத்துப் பருப்பைத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு குவியலின் அடியில் கையை விட்டுக் கிளறுவார். கடைசியில் இரண்டு குவியலுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலையை எழுதிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

இவற்றில் ஒரு குவியல் நன்கு காய்ந்து, மண் நீக்கி, பொக்குக் காய் பொறுக்கப்பட்டதாக இருக்கலாம். மற்றொன்று அப்படி இல்லாதிருக்கலாம். ஆயினும் நல்ல குவியலுக்கு உரிய விலை கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் என்ன? இதை மாற்ற உழவரால் செய்யக் கூடியது என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வியாபாரியின் அச்சம்

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பழமொழி. சோற்றுக்கு அது பொருந்தும், மூட்டைக்குப் பொருந்துவதில்லை. மேலே நல்ல காயும் அடியில் மண்ணும் பிஞ்சும் இருக்கலாம். காய்ந்த காய்மேல் தண்ணீர் தெளித்திருக்கலாம். இப்படி ஒரு சிலர் செய்ததை வியாபாரி முன்பு அனுபவித்திருப்பார். எந்த மூட்டையில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆகையால் எல்லா மூட்டையிலும் கொஞ்சம் குறை இருக்கும் என்று கணக்கிட்டு விலையைக் குறைத்தே போடுகிறார்.

யாரோ ஒருவர் மூட்டையில் மண் கலந்ததற்கு ஒழுங்காகக் காய வைத்த உழவர் தண்டம் கட்டுகிறார் என்பதே இதன் பொருள். இதனால் ஒழுங்காகச் செய்பவரும் மனம் சலித்து, "நமக்கு மட்டும் என்ன?" என்று விட்டுவிடுகிறார். சந்தைக்கு வரும் சரக்கின் தரம் மேலும் குறைகிறது; விலையும் மேலும் குறைகிறது.

இதிலிருந்து மீள ஒரே வழி, தம் சரக்கு மற்றச் சரக்கிலிருந்து வேறுபட்டது என்பதை வியாபாரியின் கண்ணுக்குத் தெரியும்படி உழவர் செய்வதாகும். நல்ல சரக்கை விளைவிப்பது முதல் வேலை. அது நல்ல சரக்கு என்று காட்டுவது இரண்டாவது வேலை. பெரும்பாலான உழவர்கள் முதல் வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

திண்டிவனத்தின் பெயர் சொல்லும் விதை

பெயர் எடுப்பதற்கு எடுத்துக்காட்டைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட இரகங்களுக்கு 'டி.எம்.வி.' என்று பெயர். திண்டிவனம் என்ற ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கியதே இந்த மூன்றெழுத்து. குடியாத்தம் கொத்து என்ற மல்லாட்டையிலிருந்து தேர்வு செய்யப்பட்ட டி.எம்.வி. 2 இரகம் 1940-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. டி.எம்.வி. 7 இரகம் 1967-இல் வந்தது. திண்டிவனத்தைப் பார்த்தே இராத ஆந்திர, கர்நாடக உழவர்களும் டி.எம்.வி. 2 என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள்.

இந்தப் பெயர் விளம்பரத்தால் வந்தது அன்று. கொத்தாக வளரும், ஏறத்தாழ 105 நாட்களில் அறுவடைக்கு வரும் என்று சொல்லப்பட்டது. விதைத்தவர் கொல்லையிலும் அப்படியே வந்தது. அடுத்த ஆண்டும் அப்படியே வந்தது. சொன்னதும் விளைந்ததும் பல ஆண்டுகள் ஒத்திருந்ததால் மூன்று எழுத்துக்கு மதிப்பு ஏற்பட்டது.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. டி.எம்.வி. 2 இரகத்துக்கு இலைப்புள்ளி நோயையும் துரு நோயையும் தாங்கும் திறன் இல்லை. இவற்றைத் தாங்கக் கூடிய புதிய இரகங்கள் வந்த பிறகும், பழைய பெயரை நம்பி அதையே விதைத்து இழப்புக்கு ஆளானவர்கள் உண்டு. பெயர் நல்லதுதான்; ஆனால் பெயரை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்து வாங்க வேண்டும். நம்மிடம் வாங்குபவரும் அப்படிச் சோதிக்க நாம் இடம் கொடுக்க வேண்டும்.

காய வைத்ததற்கு என்ன கூலி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில், காயை எட்டு விழுக்காடு ஈரப்பதத்துக்குக் காய வைத்து விற்கும்படி உழவர்களிடம் வலியுறுத்தினேன். என் பேச்சைக் கேட்டு ஒரு பெரியவர் அப்படியே செய்தார். அடுத்த வாரம் என்னைப் பார்த்ததும், "ரெண்டு நாளு ஆளு விட்டுக் காய வெச்சேன் சார். எடையும் கொறைஞ்சுது. ஈரக் காய் போட்டவனுக்கும் எனக்கும் ஒரே வெல. எனக்கு என்னா சார் மிச்சம்?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அவர் கணக்கு சரியானதே. 12 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ காயை 8 விழுக்காட்டுக்குக் காய வைத்தால் சுமார் 95 கிலோ 650 கிராம் நிற்கும். அதாவது 4 கிலோ 350 கிராம் குறையும். ஈரக் காய் 100 கிலோ 7,000 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால், உலர்ந்த காய்க்கு 100 கிலோவுக்கு 7,320 ரூபாயாவது கிடைத்தால்தான் எடை இழப்பு ஈடாகும். காய வைத்த கூலி இதற்கு மேல்.

அந்தப் பெரியவர் காய வைத்ததில் தவறில்லை. காய்ந்திருக்கிறது என்பதற்கு அளவு எதையும் காட்டாமல் விற்றதுதான் குறை. அவரிடம் அதைச் சொல்லத் தவறியவன் நான். ஈரப்பதமானி உள்ள விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு முன்பே ஈரத்தை அளக்கச் செய்து, அந்த எண்ணைக் குவியலின் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். "நல்லா காஞ்சது" என்ற சொல்லுக்கு விலை இல்லை. "ஈரம் 8 விழுக்காடு" என்ற எண்ணுக்கு விலை கேட்கலாம். முதல் ஏலத்தில் கேட்ட விலை கிடைக்காமலும் போகலாம். ஆனால் அதே பெயரில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதே எண் வரும்போது வியாபாரி அக்குவியலைத் தேடி வருவார்.

காய வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று மாண்டன. தீவனத்தில் சேர்த்திருந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சாணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அதற்கு 'அப்ளாடாக்சின்' என்று பெயரிட்டார்கள். அதன் பிறகு பல நாடுகளில் மல்லாட்டை வாங்குபவர்கள் இந்த நஞ்சின் அளவைச் சோதித்து வாங்கத் தொடங்கினார்கள். ஈரக் காயைக் குவித்து வைத்தாலும், உடைப்பதற்காகக் காய்மேல் தண்ணீர் தெளித்தாலும் இப்பூஞ்சாணம் பெருகும். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. நம் வீட்டுப் பிள்ளைகள் தின்பதும் இதே மல்லாட்டைதான் என்பதை மறக்கலாகாது.

உலர்த்தும் முறை: செடியைப் பிடுங்கியதும் காய்கள் மேலே இருக்கும்படி தலைகீழாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் வாட விடவும். காயைப் பறித்தபின் தார்ப்பாயின்மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி, அவ்வப்போது கிளறி, இரண்டு மூன்று நாள் உலர்த்தவும். மாலையில் மூடி வைக்கவும். விதைக்கு வைக்கும் காயை உச்சி வெயிலில் காய வைக்கலாகாது. காயைக் குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். பருப்பைத் தேய்த்தால் தோல் கழன்று வர வேண்டும்.

உடைப்புத் திறனை நீங்களே அறியுங்கள்

மல்லாட்டைக்கு விலை காயைப் பொறுத்தது அன்று. உள்ளே இருக்கும் பருப்பைப் பொறுத்தது. இதை உடைப்புத் திறன் என்கிறோம். தம் காயின் உடைப்புத் திறன் தெரியாமல் சந்தைக்குப் போகும் உழவர், தம் பொருள் என்னவென்று வியாபாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர் ஆகிறார். இதை வீட்டிலேயே கண்டறியலாம்.

1. ஐந்தாறு மூட்டைகளில் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும் ஒவ்வொரு பிடி எடுக்கவும். நல்ல காயாகப் பொறுக்கக் கூடாது.
2. எல்லாவற்றையும் ஒரு துணியில் கொட்டிக் கலக்கவும். வட்டமாகப் பரப்பி நான்கு பாகமாக்கி, எதிரெதிர்ப் பாகங்கள் இரண்டை நீக்கவும். மீதியை மறுபடி கலந்து இப்படியே குறைத்துக்கொண்டே வரவும்.
3. அதிலிருந்து 200 கிராம் காயை எடை போட்டு எடுத்து உடைக்கவும்.
4. சுருங்கிய பருப்பையும் பூஞ்சாணம் பிடித்த பருப்பையும் தனியே நீக்கி, நல்ல பருப்பை மட்டும் எடை போடவும்.
5. அந்த எடையை இரண்டால் வகுத்தால் வருவது விழுக்காடு. 140 கிராம் பருப்பு இருந்தால் 70 விழுக்காடு.
6. மூன்று முறை செய்து சராசரி எடுக்கவும்.

இதனால் என்ன பயன் என்று பார்ப்போம். ஒரு மூட்டையில் 40 கிலோ காய் இருப்பதாகக் கொள்வோம். 70 விழுக்காடு என்றால் பருப்பு 28 கிலோ. 65 விழுக்காடு என்றால் 26 கிலோ. வியாபாரி அச்சத்தால் 65 என்று மதிப்பிட்டால், கிலோ பருப்பு 100 ரூபாய் என்ற கணக்கில் மூட்டைக்கு 200 ரூபாய் போகிறது. 30 மூட்டைக்கு 6,000 ரூபாய். அரைமணி நேர வேலையில் கிடைக்கும் எண் இந்தத் தொகையைக் கேட்க உதவுகிறது. "எழுபது இருக்குது, நீங்களே உடைச்சுப் பாருங்க" என்று சொல்லக் கூடிய உழவரிடம் வியாபாரி பேசும் முறையே வேறு.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 67 வந்தால் 67 என்றே சொல்ல வேண்டும். 70 என்று சொல்லி அவர் உடைக்கும்போது 67 வந்தால், அடுத்த ஆண்டு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

பொக்குக் காய் குறைய வேண்டுமானால் வேலை கொல்லையிலேயே தொடங்க வேண்டும். இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கவும். முக்கால்வாசிக் காய்களில் ஓட்டின் உட்புறம் கறுத்த பிறகே அறுவடை செய்யவும்.

மூட்டைக்கு ஒரு பெயர்ச்சீட்டு

காயைத் தூற்றி, மண், சருகு, பிஞ்சு, உடைந்த காய், பூஞ்சாணம் பிடித்த காய் ஆகியவற்றை நீக்கவும். இரண்டு இரகங்களையோ இரண்டு நாள் அறுவடையையோ ஒரே குவியலில் கலக்க வேண்டாம். இரண்டாந்தரக் காயைத் தனி மூட்டையாகக் கட்டி, இரண்டாந்தரம் என்றே சொல்லி விற்கவும். முதல் தரத்தின் விலையைக் காப்பாற்றுவது இதுதான்.

ஒவ்வொரு மூட்டையிலும் ஓர் அட்டையைக் கட்டவும். உழவர் பெயர், ஊர், இரகம், அறுவடை நாள், எடை, ஈரம், உடைப்புத் திறன் ஆகிய ஏழும் அதில் இருக்கட்டும். பெயர் எழுதிய மூட்டையில் அடியில் மண் போட யாருக்கும் கை வராது. வாங்குபவருக்கும் இது தெரியும்.

வீட்டில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளவும். விற்ற நாள், எடை, ஈரம், விலை, வாங்கியவர் ஆகியவற்றை எழுதி, விற்பனைக்கூடம் தரும் சீட்டுகளை அதில் ஒட்டி வரவும். மூன்று பருவக் குறிப்பைக் காட்டக் கூடிய உழவரிடம் எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவரும் கடலைமிட்டாய் செய்பவரும் நேரடியாகப் பேச முன்வருவார்கள். வங்கியில் கடன் கேட்கும்போதும் இந்த ஏடு உதவும்.

நம் மாநிலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு அடித்தளம் இட்டது 1933-ஆம் ஆண்டுச் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டமாகும். எடையிலும் கழிவிலும் உழவர் ஏமாறக் கூடாது என்பதே அதன் நோக்கம். கமிட்டியில் உங்கள் சரக்கு உங்கள் பெயரிலேயே பதிவாக வேண்டும். இடைத்தரகர் பெயரில் விற்றால் தரமான சரக்கின் பெயரும் அவருக்கே போகும். 2016 ஏப்ரலில் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையில் இணைந்துள்ள கூடங்களில், குவியலின் தரத்தைச் சோதித்துப் பதிவு செய்யவும் வழி உண்டு. வெளியூர் வியாபாரி காயைக் கையால் தொடாமலே விலை கேட்க அப்பதிவு உதவும். சோதனை செய்யும்படி நீங்களே கேளுங்கள்.

குறையை முந்திச் சொல்லுங்கள்

அறுவடை நேரத்தில் மழை பெய்து காய் நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பலர் மேலாகக் காய வைத்து, சொல்லாமல் விற்றுவிடப் பார்ப்பார்கள். பெயர் எடுக்க விரும்பும் உழவர் அதைத் தனியாக வைத்து, "இது மழையில் நனைந்தது" என்று சொல்லி, வரும் விலைக்கு விற்க வேண்டும். அன்றைக்கு இழப்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கையில் காசு இல்லாத நேரத்தில் இது கடினமான செயல். ஆனால் குறையைத் தானே சொன்னவர், மற்றொரு நாள் "இதில் குறை இல்லை" என்று சொன்னால் அச்சொல் நம்பப்படும்.

வாக்கும் அப்படியே. வெள்ளிக்கிழமை இருபது மூட்டை தருவதாகச் சொன்னால் வெள்ளிக்கிழமை இருபது மூட்டை போக வேண்டும். முடியாதென்றால் வியாழனன்றே தெரிவிக்கவும். முன்பணம் வாங்கிவிட்டு, வேறொருவர் பத்து ரூபாய் கூடக் கொடுத்தார் என்று சரக்கை மாற்றிவிடக் கூடாது. அதே சமயம் விலையைக் கட்டிப்போடும் முன்பணத்தை வாங்காதிருப்பதே நல்லது. பணமுடை ஏற்பட்டால் சரக்கை விற்பனைக்கூடக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறும் வசதியைக் கேட்டறியவும்.

விதைப் பண்ணை: அடுத்த படி

தொடர்ந்து சுத்தமான சரக்குக் கொடுத்துப் பழகியவர்கள் விதைப் பண்ணை அமைக்கலாம். குறிப்பாகப் படித்துவிட்டு ஊரிலேயே இருக்க விரும்பும் இளைஞர்களுக்கு இது ஏற்ற தொழில். விதைத்த 35 நாட்களுக்குள், அல்லது பூப்பதற்கு 15 நாட்களுக்கு முன், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் விதைப்பு அறிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். மற்ற இரக மல்லாட்டையிலிருந்து 3 மீட்டர் விலகல் வேண்டும். கலவன் செடிகளை அவ்வப்போது பிடுங்க வேண்டும். விதை 96 விழுக்காடு சுத்தமும், 70 விழுக்காடு முளைப்பும் பெற்றிருக்க வேண்டும். ஈரம் 9 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. தேறிய சான்று விதைக்கு நீல அட்டையும், ஆதார விதைக்கு வெள்ளை அட்டையும் கட்டப்படும். சான்றின் காலம் சோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்.

வியாபாரிக்கு இருக்கும் அச்சம் விதை வாங்கும் உழவருக்கு இன்னும் அதிகம். விதை பொய்த்தால் அவருக்கு ஒரு பருவமே போய்விடும். அந்த அச்சத்தை அட்டை போக்குகிறது. அதனால்தான் சான்று பெற்ற காய்க்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. இதுபற்றிய விவரங்களை வட்டார விதைச் சான்று அலுவலரிடமும், திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்டறியலாம்.

பலர் சேர்ந்தால்

பத்து மூட்டை உள்ள உழவரை வெளியூர் ஆலைக்காரர் தேடி வரமாட்டார். ஐம்பது பேர் சேர்ந்து ஒரே இரகத்தை ஒரே தரத்தில் கொடுத்தால் வருவார். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதற்காகவே அமைக்கப்படுகின்றன. ஆனால் ஐம்பது பேரில் ஒருவர் ஈரக் காய் போட்டாலும் ஐம்பது பேர் பெயரும் கெடும். குஜராத்தில் 1946-இல் தொடங்கிய கெய்ரா மாவட்டப் பால் கூட்டுறவு ஒன்றியம் 'அமுல்' என்ற பெயரை வளர்த்தது எப்படி? கிராமச் சங்கத்தில் ஒவ்வொருவர் பாலையும் தனித்தனியே சோதித்து, கொழுப்புக்குத் தக்க விலை கொடுக்கும் ஏற்பாடு அதற்கு ஒரு முக்கியத் துணை. தலைவர் வீட்டுப் பாலுக்கும் சோதனை உண்டு. நம் குழுவிலும் ஒவ்வொருவர் காயும் ஈரம் அளந்த பின்பே பொதுக் குவியலில் சேர வேண்டும். உறவு, ஊர்ப்பெரியவர் என்று பார்த்து ஒரு மூட்டையை விட்டுவிட்டால், அன்றோடு குழுவின் பெயர் போய்விடும்.

முடிவுரை

பெயர் ஒரே பருவத்தில் வந்துவிடாது. முதல் பருவத்தில் உழைப்பு மட்டும் கூடுதலாகத் தெரியும். இரண்டாம் பருவத்தில் ஒரு வியாபாரி உங்கள் மூட்டையைக் கிளறாமல் வாங்குவார். மூன்றாம் பருவத்தில் அறுவடை எப்போது என்று அவரே விசாரிக்கலாம். ஆனால் ஒரே ஒரு மூட்டையின் அடியில் போட்ட மண், இந்த மூன்று பருவ உழைப்பையும் அழித்துவிடும்.

எனவே வரும் அறுவடையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாவிட்டாலும், மூன்றை மட்டும் தவறாமல் செய்யவும்: ஈரத்தை அளக்கவும், 200 கிராம் காயை உடைத்துப் பார்க்கவும், மூட்டையில் உங்கள் பெயரை எழுதிக் கட்டவும். கூலி எங்கே என்று அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு, காலம் கடந்தாவது நான் சொல்லும் பதில் இதுதான்.